கல்லில் விட்ட மாவு

இன்று பாக்கெட் மாவைப் பிரித்ததும் எழுந்த புளித்த வாசனையோடு, கும்மிடிப்பூண்டியில் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கி, அம்மன் கோயில் பக்கத்துக் கொட்டகையில் வைத்திருந்த கிரைண்டரின் கடகடப்பும் வந்துவிட்டது. அரைத்தவர்கள் கடைசிக் கரண்டி மாவைக் கல்லிலேயே விட்டுப்போவார்கள்; அன்று அரிசி இல்லாதவர் எடுத்துக்கொள்வார்; யாரென்று கோயில் ஆத்தா மட்டும் பார்த்தால் போதும் என்பாள் அம்மா.

மும்தாஜ் அக்கா வீட்டுக்காரருக்கு உருக்காலையில் வேலை போன மாதம், எதிர்வீட்டு சரோஜா கொட்டகையில் நின்று கத்தினாள்: "தெனம் வழிச்சிக்கினு போறது யாருடி? இன்னா, கோயில் பிரசாதமா இது?"

கிண்ணத்தோடு வந்த அக்கா அப்படியே திரும்பினார். நாங்கள் அவரவர் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனோம். அடுத்த வாரம் அவர்கள் வீடு காலி.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அக்கா போனபின், அதை இடிக்கும்வரை எல்லாரும் கல்லைப் பளிச்சென்று கழுவிவைத்தார்கள், ஆத்தாவுக்குக்கூட ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.