நூற்றொன்பது பல்

திருகோணமலையில் ஆறு வோல்ட் கார் ஒன்றைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் என் கராஜுக்குத்தான் வர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று துறைமுகப் பக்கம் நாலு கார் நிறுத்தக்கூடிய கராஜ் வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வரும் இளசுகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல அல்ல. அது ஊருக்கே தெரியும்.

போன வருடம் சிவபாலன் ஐயா தன் பழைய பீட்டில் காரைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆறு வோல்ட் பற்றரி எஞ்சினைச் சுற்ற ஏலாமல் திணறும். தள்ளித்தான் ஸ்டார்ட் எடுப்பார்கள். ஓட்டுவது ஐயா. தள்ளுவது அவருடைய மனைவி, கணக்கு ரீச்சர். முப்பது வருடமாகத் தள்ளியவர் ஐயாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அண்ணை, இன்னும் ஒருக்கா நான் தள்ள வேண்டி வந்தா, அண்டைக்கே இந்தக் காரை வித்துப்போடுவன்."

ஐயா காரின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பினால் போதும், கார் கோணேசர் கோயில் வாசலில் போய்த்தான் நிற்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

பற்றரி, டைனமோ, பல்ப், வைப்பர் மோட்டார் எல்லாம் மாற்றினேன். கொழும்பிலிருந்து பன்னிரண்டு வோல்ட் ஸ்டார்ட்டர் ஒன்றும் எடுப்பித்தேன். பழைய ஸ்டார்ட்டர், கராஜ் கதவு கடற்காற்றில் அடிபடாமல் இருக்க நல்ல முட்டாக அமைந்தது. புதியதன் தண்டு, அது போய் இருக்க வேண்டிய துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. வேறு ஒருவன் என்றால் அங்கேயே கையை விரித்திருப்பான். நான் அந்த இடைவெளியை அடைக்க லேத்தில் பித்தளை புஷ் ஒன்று கடைந்தேன். மாட்டுவதற்கு முன் அதை வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினேன். தண்டு ஏன் ஆடியது என்று மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல சகுனத்துக்கு நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தாயிற்று. ரீச்சர் பட்டுச்சேலையோடு ஏறிச் சாவியைத் திருப்பினார். தகரத்தை வாளால் அறுப்பதுபோல ஒரு சத்தம். எதிர் மதில் நிழலில் படுத்திருந்த, எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்கள் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டன. எஞ்சின் அசையவில்லை. தேசிக்காய்கள் முழுசாகவே இருந்தன.

ஐயா மெல்லக் காரின் பின்னால் போய்த் தானே கைவைத்தார். கப்பல் சாமான் தூக்கிய மனுசன், காரைத் தள்ளக் குனிந்தார்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ," என்ற ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, ஸ்டார்ட்டர் போய்க் கடிக்கிற அந்தப் பெரிய சில்லில எத்தினை பல்லு?"

ஃபிளைவீலைத்தான் கேட்கிறார். நாற்பது வருடத் தொழிலில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"தேவையான அளவு இருக்கு ரீச்சர்."

"எண்ணேல்லையோ?"

"எனக்குக் கண்ணால பாத்தாலே தெரியும்."

"அப்ப கழட்டுங்கோ. நானும் கண்ணாலதான் எண்ணப்போறன்."

பீட்டிலில் எஞ்சினை இறக்குவது மற்றவர்களுக்குத்தான் பெரிய வேலை. இறக்கினேன். சில பல்லின் முனை சிராய்ந்திருந்தது. ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பல்லில் சோக்கால் கோடு கீறினார். நான் சுற்ற, அவர் எண்ணினார். நடுவில் நான் ஏதோ கதை கொடுக்க, என்னை முறைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நூற்றொன்பது.

பிறகுதான் கொழும்புக் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் அனுப்பிய ஸ்டார்ட்டர் நூற்றிமுப்பது பல் ஃபிளைவீலுக்கு உரியதாம், அதனால்தான் தண்டும் மெல்லிசாம். ஃபிளைவீலை மாற்றினால் கிளச்சையும் மாற்ற வேண்டும், கியர்பெட்டியின் உள்பக்கத்தையும் தேய்க்க வேண்டும். ஐயாவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப பழைய ஸ்டார்ட்டர் எங்க?" என்றார் ரீச்சர்.

நான் கதவைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள்.

பல்முனைகளை அரத்தால் சீராக்கினேன். என் அருமையான பித்தளை புஷ்ஷைத் தட்டி எடுத்தேன். கதவுக்கு முட்டாக நின்ற ஸ்டார்ட்டரைத் துடைத்து, உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பழைய இடத்திலேயே பூட்டினேன். ஆறு வோல்ட் ஸ்டார்ட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் பேய் வேகத்தில் சுற்றும். சாவியைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் ஒரு கணம் திருப்பி விட்டால் தாங்கும்.

பின்னேரம் தேசிக்காய்களைத் திரும்ப வைத்தோம். ரீச்சர் சாவியிலிருந்து கையை எடுப்பதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டது. அவர் இறங்கி ஐயாவுக்கு இடம் விட்டு, மற்றப் பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"சரி, விக்கேல்லை, கார் எங்கட வீட்டிலயே நிக்கட்டும்," என்றார்.

நாலு தேசிக்காயும் ஒன்றாக நசுங்கின.

இளசுகள் கவனியுங்கள்: ஒரு சாமான் பொருந்தாவிட்டால் உடனே புஷ் கடையாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். வோல்ட் மாற்ற ஒரு பழைய கார் வந்தால், பற்றரியைத் தொடுவதற்கு முன் ஃபிளைவீல் பல்லை எண்ணுங்கள்.

இப்போது என் கராஜ் சுவரில் 109 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். என்னவென்று கேட்பவர்களுக்கு, நான் எண்ணிக் கண்டுபிடித்தது என்று சொல்வேன். ரீச்சர் சர்வீசுக்கு வரும் நாளில் மட்டும் அந்த இடத்தில் ஒரு கலண்டர் தொங்கும்.