மினுங்காத தூசி

கருப்பசாமி இறந்துவிட்டார் என்ற செய்தி அச்சகத்தில் இருந்தபோது எனக்கு வந்தது. காலண்டர் சீசன். எந்திரங்களின் இரைச்சலில் தொலைபேசியில் பேசியவர் சொன்னது காதில் விழவில்லை. வெளியே வந்து மறுபடி சொல்லச் சொன்னேன். "நம்ம டிசைனர் கருப்பசாமிதான் அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நாற்பதைத் தாண்டாத மனிதர். உள்ளே திரும்பி வந்தேன். என் மேசையில் அவர் கடைசியாகச் செய்து தந்த புஸ்வாணப் பெட்டி லேபிளின் புரூஃப் கிடந்தது. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவகாசியில் லேபிள், காலண்டர் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். யாருடைய கம்ப்யூட்டராவது கொதித்துப்போய் அணைந்துவிட்டால், அல்லது ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தால், அவரைத்தான் கூப்பிடுவோம். மூடியைக் கழற்றியதும் முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்பார். அதை அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பது சிலருக்குத்தான் தெரியும். பெருமையான கதை இல்லை. ஆனால் மறைக்கச் சொன்னவரும் இல்லை. அவர் மனைவி மாரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தாயில்பட்டியில் அவர் வீடு ஓர் அறையும் சமையலறையும்தான். மேலே சிமெண்ட் ஷீட். ஆர்டர் குவியும் மாதங்களில் வீட்டிலும் வேலை பார்ப்பதற்காக, பாகம் பாகமாக வாங்கி, தானே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டினார். சாலையைப் பார்த்த ஜன்னலோரம் அதை வைத்தார். "கடையில வாங்குனது இல்ல அண்ணாச்சி, நானே கட்டுனது" என்று எங்கள் அச்சகத்தில் எல்லோரிடமும் சொன்னார். என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். நான்கைந்து மாதத்தில் அது தகராறு செய்யத் தொடங்கியது. பெரிய படத்தைத் திறந்தால் ஃபேன் அலறும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

ஒரு லேபிளை அவசரமாகத் திருத்துவதற்காக நான் அவர் வீட்டில் இருந்த ஒரு சாயங்காலம், வேலை நடுவே அது அணைந்தது. கோபத்தோடு மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாரி வேலை முடிந்து உள்ளே நுழைந்தார். பக்கத்திலிருந்த பட்டாசு யூனிட்டில் அவருக்கு வேலை. வெடிமருந்து அடைக்கும் பிரிவு. அலுமினியத் தூள் புழங்கும் இடம். அங்கே வேலை பார்ப்பவர்களின் கையிலும் கழுத்திலும் அந்த மினுமினுப்பு லேசாக ஒட்டியிருக்கும்.

கருப்பசாமி தூசியை விரலால் வழித்து அவரிடம் நீட்டினார்.

"பாரு. பூராம் ஒன் சேலையில இருந்து வந்தது. மருந்தோட அப்படியே வந்து இங்கன நின்னா மெஷின் என்னத்துக்காகும்? வெளிய நில்லு."

மாரி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அறை நடுவே, மூன்று வயதுகூட நிரம்பாத அவர்கள் மகள் அம்மா போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு மாரி அந்த அறைக்குள் வரவில்லை என்று கருப்பசாமியே பின்னால் சொன்னார். வேலையிலிருந்து வந்ததும் குளிப்பார். குளித்த பிறகும் சமையலறையிலேயே இருப்பார். சாப்பாடும் படுக்கையும் அங்கேதான். "சுத்தம் பாக்கான்னு நெனச்சேன் அண்ணாச்சி. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், மடித்த ஆர்ட் பேப்பர் துண்டு ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். முகம் வெளுத்திருந்தது. பிரித்தால் உள்ளே கொஞ்சம் தூசி.

"லென்ஸ் வச்சுப் பாருங்க. மினுங்குதா?"

அச்சில் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கும் லென்ஸ் என்னிடம் எப்போதும் இருக்கும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இல்லையே. வெறும் மண்ணு."

"மெஷின் உள்ள இருந்து எடுத்தது. அவ அந்தப் பக்கமே வர்றதில்ல. ஆனா அம்புட்டுத் தூசி, அன்னைக்கு இருந்த மாதிரியே" என்றார். தாளை மறுபடி மடித்துக்கொண்டே, "பின்னாடி ஃபேன் சூட்டை வெளிய தள்ளணும். நான் திருப்பி மாட்டியிருக்கேன் அண்ணாச்சி. ஜன்னல்ல இருந்து ரோட்டுப் புழுதியைப் பூராம் அதுதான் உள்ள இழுத்திருக்கு. சூடும் அதனாலதான்" என்றார்.

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவீகளா?" என்றார். எதற்கு என்றேன். "ஒங்க முன்னாடிதான் அவளைச் சொன்னேன். ஒங்க முன்னாடிதான் மன்னிப்பும் கேக்கணும்."

போவதற்கு எனக்கு மனமில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பதில் நான் எதற்கு என்று தோன்றியது. தட்டிக்கழிக்க இரண்டு காரணம் யோசித்து வைத்திருந்தேன். அவர் காலையிலேயே வண்டியோடு என் வீட்டு வாசலில் நின்றதால் போக வேண்டியதாயிற்று.

மாரி சமையலறை வாசலில் நின்றிருந்தார். கருப்பசாமி அறை நடுவே நின்றுகொண்டு, முன்கூட்டி யோசித்து வைத்திருந்ததைப் போலப் பேசினார். "ஏ மாரி. அன்னைக்கு அண்ணாச்சி இருக்கையில ஒன் மேல பழி சொன்னேன். அது நீ கொண்டு வந்த தூசி இல்ல. நான் மாட்டுனதுதான் தப்பு. ஒன்னைய வெளிய நிக்கச் சொன்னதும் தப்பு."

மாரி சேலை நுனியை விரலில் சுற்றினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் நெசம்னே நம்பிட்டேன். மெஷினுக்கே இப்படின்னா பச்சப்பிள்ளைக்கு என்ன ஆகும்னு, பாப்பாவ மடியிலயே வைக்காம இருந்தேன்."

கருப்பசாமி சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மாரி, "அண்ணாச்சிக்கு டீ போடுதேன்" என்று உள்ளே போனார். அந்தத் தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டு நான் கிளம்பினேன். மன்னிப்பு அந்த வீட்டில் எங்கும் போய்ச் சேரவில்லை என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

அவர் அந்தக் கம்ப்யூட்டரை முழுதாகப் பிரித்து மறுபடி கட்டினார். ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து தூக்கி வைத்தார். சின்ன ஃபேன்களை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்களை மாட்டினார். காற்று நுழையும் வாயில் நைலான் வலை கட்டினார். அச்சு எந்திரத்தில் தேய்ந்துபோய்க் கழற்றிப் போடும் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பிலிருந்து வில்லை வில்லையாக வெட்டி, ஃபேனின் அதிர்வு பெட்டிக்குப் போகாமல் ஒவ்வொரு திருகுக்கும் அடியில் வைத்தார். சூடு குறைந்தபிறகும் விடவில்லை. சத்தத்தைக் குறைக்க மாதக்கணக்கில் மெனக்கெட்டார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "அவ இனிமே இந்த ரூம்லதான் படுக்கணும். நான் வேல பாக்கையில அவளுக்குத் தூக்கம் கெடக் கூடாதுல்லா" என்றார். மாரி உடனே வந்துவிடவில்லை. முதலில் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாராம். வெகுநாள் கழித்து ஒரு பகலில், அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பாய் விரிக்கும் ஓசை கேட்டதாம். திரும்பிப் பார்க்கவில்லை என்றார். "திரும்புனா எந்திரிச்சுப் போயிருவாளோன்னு பயம்."

இதையெல்லாம் அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நூல் பிடித்துக் காற்றுப் பார்க்க எங்கே படித்தீர்கள் என்று யார் கேட்டாலும், "எம் பொண்டாட்டி மேல பழி போட்டுப் படிச்சேன்" என்பார். சிலர் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் இறந்த அன்று நான் துட்டிக்குப் போனபோது வீட்டில் கூட்டம் இருந்தது. மாரி மகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கருப்பசாமியின் அத்தை ஒருவர், யாரிடமும் சொல்லாதது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மருந்து வேலைக்காரிய வீட்டுல வச்சிருந்தா? தெனமும் அந்தத் தூசியத் தின்னுதான் அவனுக்கு நெஞ்சடைச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு என்னைச் சாட்சிக்கு அழைத்தவர் கிடத்தப்பட்டிருந்தார். பேச வேண்டியவன் நான். ஊர்க்காரர்கள் முன்னால் எப்படித் தொடங்குவது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாரி தலையை நிமிர்த்தினார். அழுத குரல்தான், ஆனால் நடுங்கவில்லை.

"இல்ல அத்தை. என் மேல இருந்து இல்ல. அவுகளே பாத்துட்டுச் சொன்னாக."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மறுபடியும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருப்பசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அந்தப் பிடிவாதம். பழி சொன்னதை எந்த ஆள் கேட்டாரோ, அந்த ஆளையே வண்டியில் ஏற்றி வந்து, அவர் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிடிவாதம். வைத்திருக்கிறேனே தவிர, எடுத்துப் புழங்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.