தடித்த வயர்

என் காரில் அம்பிளிபயர் பூட்டிய மெக்கானிக், பற்றரியிலிருந்து விரல் தடிப்பில் வயர் இழுத்தார். புது ரப்பர் மணத்தது. எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மானிப்பாயில் எங்கள் வீட்டருகே இருந்த கோயில் திருவிழாவில் அக்கா முதன்முதலாகப் பாடினாள். கார் அம்பிளிபயரும் கார் பற்றரியும்தான் ஏற்பாடு. அவள் குரலை உயர்த்தும்போதெல்லாம் ஒலிபெருக்கி அடங்கிப்போனது.

"பிள்ளை உப்பிடிக் கத்தினா செற் தாங்காது. மெல்லப் பாடச் சொல்லுங்கோ," என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

அம்மா பற்றரி வயரைத் தொட்டுப் பார்த்தார். சைக்கிள் டைனமோவுக்குப் போடும் மெல்லிய வயர் அது, சுட்டது.

"தம்பி, உந்த நூலுக்காலை எவ்வளவு கரண்ட் போகும்? என்ரை பிள்ளை ஏன் குரலைக் குறைக்கோணும்?"

பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் நின்ற எங்கள் காரின் தடித்த பற்றரி வயர்களை அம்மாவே கழற்றி வந்தார். அவற்றைப் பூட்டியதும் அக்கா முழுக்குரலில் பாடினாள். பக்கத்து வீதியிலிருந்தும் சனம் வந்தது.

பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் மேடையோரம் வந்தார்.

"பிள்ளை, இன்னொண்டு பாடுங்கோ. நல்லா உச்சத்திலை!"