ஞாயிற்றுக்கிழமைப் படகு

நேற்றுத் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, வீட்டிலிருந்த பழைய கணினியை எறிவதற்கு முன் படங்களை எடுத்துவைக்கத் திறந்தேன். சின்ன வயதில் நான் விளையாடிய படகு விளையாட்டு அதற்குள் அப்படியே இருந்தது. பாறையில் மோதாமல் படகை ஓட்டி மீன் பிடிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் படிப்புக்கென்று இந்தக் கணினியை வாங்கித் தந்தவர் கடற்றொழில் செய்த அப்பா. ஞாயிறுகளில் மட்டும் அவர் என்னை இதை விளையாட விடமாட்டார். எங்கள் கரையில் ஞாயிற்றில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை.

"பிள்ளை, படகைக் கரையில விடு. மீனுக்கும் இண்டைக்கு லீவு."

"இது பொய்க் கடல், அப்பா!"

"படிச்சவ சொல்லிப்போட்டா. அப்ப ஞாயிறும் பொய்யோ?"

போன மாரி மழைக்காலத்தில் அப்பா நெஞ்சு நோவில் செத்துப்போனார்.

நேற்றும் ஞாயிறுதான். வேண்டுமென்றே படகைக் கடலில் இறக்கினேன். மீன்கள் வலைக்குள் விழுந்துகொண்டே இருந்தன. அந்த நாளில் எட்ட முடியாத கட்டத்தையும் தாண்டிவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை.

குசினியில் சமையலை விட்டு வந்த அம்மா திரையைப் பார்த்தபடி நின்றா.

"அப்பா இருந்தா இப்ப ஏசுவார்."

"அதுக்குத்தானம்மா ஓட்டுறன்" என்று சொல்லி, விளையாட்டின் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.