பத்து பெரண்டாமுக்கு வந்த பிரிஜித் அம்மாள்

எங்கள் அத்தை அயர்லாந்தில் நர்ஸ். போன் பண்ணினால் குளிரைப் பற்றியா பேசுவார்? அந்த ஊர்ப் புனிதை பிரிஜித் அம்மாளைப் பற்றித்தான். அவருக்கு அங்கே ஒரு கிணறு உண்டாம். பக்கத்து மரம் பூராவும் நோயாளிகள் கட்டிய துணியாம். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் வாசலில் ஒரு ரிப்பனைத் தொங்கவிட்டால், வீடு வீடாக நடந்துபோகிற அந்தம்மா அதைத் தொட்டுவிட்டுப் போவாராம். தொட்டதற்கு அடையாளம், காலையில் ரிப்பன் நீண்டிருக்கும். பிள்ளைத்தாய்ச்சி அதை இடுப்பில் கட்டிக்கொண்டால் பயமே இல்லையாம்.

அப்போது பத்து பெரண்டாம் ஊரில் எங்கள் வீட்டில் சித்தி மாசமாக இருந்தார். முந்தின தடவை குழந்தை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை மாடிப்படி ஏற மாட்டார், சிரிக்கவும் மாட்டார்; சிரித்தால் வயிறு குலுங்குமாம். அத்தை சொன்னபடி திருநாளுக்கு முந்தின சாயங்காலம் என் பள்ளிக்கூட வெள்ளை ரிப்பனை வாங்கி முன்வாசல் கிரில்லில் கட்டினார். "நீண்டா நம்புறேன். இல்லாட்டி யாரும் எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க."

லோரி ஓட்டும் மாமா கேலி பண்ணாமல் விடவில்லை. "அயர்லாந்துலேருந்து நடந்து வரணும்லா, பாவம். பினாங்கு தாண்டவே விடிஞ்சிடும்!"

பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சும்மா இருய்யா. எந்த அம்மா வந்தா என்ன, வந்தா சரி" என்றார்.

காலையில் நான்தான் முதலில் ஓடினேன். ரிப்பன் தரையில் புரண்டுகொண்டிருந்தது! அதன் முனையில் என் அம்மாவின் பாவாடை நாடா மாதிரி ஒன்று பொடித் தையலில் சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே பனியன் துணி, கோணி தைக்கும் நூலால் தாறுமாறாக. அதற்கும் கீழே மஞ்சளில் நனைத்த துண்டு ஒன்று, முடிச்சுப் போட்டு.

"சித்தி, வந்துட்டாங்க! ஆனா அந்தம்மாவுக்குத் தைக்கவே தெரியல!"

அம்மா அவசரமாக அடுப்பைப் பார்க்கப் போனார். மாமா லோரி டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டார், அதுவும் காய்ந்த துணியை. சித்தி ரிப்பனைக் கையில் எடுத்தார். முனைவரை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், தெரு முழுக்கக் கேட்டது.

அன்று இடுப்பில் கட்டியதை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவிழ்க்கவில்லை. அந்த வயிற்றில் இருந்த பயல்தான் இன்று பக்கத்து ஊரான ஆயர் குரோவுக்கு என் காரைக் கேட்டு வாங்கிப் போகிறான்.

எனக்கு அப்போது ஒரே ஒரு குறைதான். பயம் வரும்போதெல்லாம் சித்தி அந்த ஒட்டுகளையே தடவிக்கொண்டிருப்பார். நல்ல ரிப்பன் இங்கே இருக்கிறதே என்று பிடித்துக் காட்டுவேன். "இருக்கட்டும்டி" என்பார், விரலை எடுக்காமல். சித்திக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.