அந்தப் பிள்ளையைத் தொட்டி மேலேயே விட்டுவிட்டார்கள்

அந்தப் படத்தை எடுத்தவர்கள் என் எதிரில் வந்தால் முதலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்பேன். அதற்கப்புறம்தான் ஆரம்பிப்பேன். கோயமுத்தூர்ப் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். "நீங்க பண்ணுனது நல்லா இருக்குதுங்களா?" என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டால், வெளியூர்க்காரர் நலம் விசாரிக்கிறார் என்று நினைப்பார். உள்ளூர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல் பாகத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கிற ஜோம்பி படம். வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், அவருடைய சின்ன மகள். ஊரே கடிபட்டுப் போகிறது. கடைசியில் அப்பனும் கடிபடுகிறான். தான் மாறுவதற்குள் மகளை ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் இறங்கி, யாரும் ஏறி வரக்கூடாது என்று ஏணியைப் பிடுங்கிக் கீழே தள்ளுகிறான். பொழுது விடிகிறது. அந்தப் பிள்ளை தொட்டியின் விளிம்பில் தனியாக நிற்கிறது. படம் முடிந்துவிட்டது.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். நான், என் மனைவி, பல்லடத்தில் இருக்கும் என் அக்கா, மச்சான். படம் விட்டு வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, ஏணியையும் தள்ளிப்போட்டான். அந்தப் புள்ள எப்படீங்க எறங்கும்?"

மச்சான் சிரித்தார். "ரெண்டாவது பாகம் எடுப்பாங்க அம்மணி. அதுல எறக்கி உட்டுருவாங்க. மொத நாளே கூட்டிட்டுப் போறேன், பாரு."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தொட்டிப் பிள்ளை எப்படியோ அவர்கள் வீட்டுப் பேச்சில் குடி வந்துவிட்டது. அவர்கள் ஊர் எல்லையிலும் பஞ்சாயத்துத் தொட்டி ஒன்று உண்டு. மொபெட்டில் அதைத் தாண்டும்போதெல்லாம் அக்கா பின்னாலிருந்து அண்ணாந்து பார்ப்பாளாம். "இன்னும் அங்கயேதான் நிக்குதுங்க," என்பாளாம். "சோறு தண்ணி இருக்குதான்னு கேளு," என்று மச்சான் வண்டியை ஓட்டிக்கொண்டே சொல்வாராம். மழை பெய்தால், "நனையுமுங்களே?" வெயிலடித்தால், "சிமெண்ட்டு சுடுமுங்களே?" வெளியார் கேட்டால் பைத்தியம் என்பார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கத் தித்திக்கும்.

பிறகு ஒருநாள் மத்தியானம் சொந்தத் தறிக்கூடத்தில் மச்சானுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தறிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தாள். கல்யாணம், காது குத்து, எதற்கும் போவதில்லை. அவளாகத்தான் வருவதில்லை என்று சொந்தபந்தமான ஒறம்பறைக்காரர்கள் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களில் எந்த விசேஷமானாலும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கூப்பிட வேண்டும். போனில் சொன்னால் அது அழைப்பே இல்லை, அவமானம். அப்படித் தட்டோடு வருகிறவர்கள் பக்கத்து வீட்டிலிருக்கும் மச்சானின் தம்பி கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, வாசலில் நிற்கும் அக்காவைப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டிவிட்டுப் போவார்கள். புருஷன் போனவள் கையில் தட்டு கொடுக்க அவர்களுக்குக் கை வராது. அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

இரண்டாம் பாகத்தின் டிரெய்லர் வந்தது. துப்பாக்கி, கார், வெடி. கடைசியில் ஒரே ஒரு நொடி, அந்தத் தொட்டி. அதன் மேல் ஒரு சின்ன உருவம். என் மோட்டார் காயில் கட்டும் கடையில், துடியலூரில், அதைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அன்று மாலையே ஆப்பிள், பூவன்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கி, மனைவியையும் கூட்டிக்கொண்டு பல்லடம் போனேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள். "யாருக்குக் கண்ணு கல்யாணம்?"

"சினிமாவுக்குங்க அக்கா. ரெண்டாவது பாகம் வந்திருச்சு. மொத நாள், காலைக் காட்சி. நீங்க அவசியம் வரோணும்."

"அட கிறுக்கா," என்றாள். ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். வாங்கியதும் கேட்டாள், "எறக்கீருவாங்கல்ல?"

"எறக்கீருவாங்க அக்கா. நான் பொறுப்பு," என்றேன். என் மனைவி என் முதுகில் கிள்ளினாள். தட்டு வைத்துக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எல்லாவற்றுக்கும் கூப்பிட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். விருந்தில் உப்புக் குறைந்தால் எங்கள் ஆட்கள் சமையல்காரரைத் தேடிப் போக மாட்டார்கள், பத்திரிகை வைத்தவனைத்தான் பிடிப்பார்கள். யாரோ எடுத்த படத்துக்கு நான் தட்டு வைத்துவிட்டேன்.

காலைக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா கஞ்சி போட்ட புடவை கட்டி வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் உக்கடத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பாய். அவரும் முதல் பாகத்தை நாலு தடவை பார்த்தவராம். "அந்தப் பச்சப் புள்ளைக்காகத்தாம்மா வந்தேன்," என்று அவராகவே சொன்னார். அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நானுமுங்க பாய்!"

படம் ஆரம்பித்தது. மொட்டைத் தலை ஆள் ஒருவன் காரில் வந்தான். சுட்டான். இன்னொரு காரில் ஏறினான். சுட்டான். முதல் பாகத்தில் ஒரு பிணம் நடந்து வந்தாலே எங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். இங்கே நூற்றுக்கணக்கில் வந்து காரில் அடிபட்டுப் பறந்தன. தொட்டி வரவில்லை. பிள்ளை வரவில்லை. பிள்ளையின் பேரைக்கூட யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பின் வரிசையிலிருந்து முதல் குரல் வந்தது. "ஏனுங்க பொணம், கொஞ்சம் வெரசாக் கடிச்சு முடிங்க. எனக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸு போயிரும்!"

அரங்கம் குலுங்கியது. இன்னொருவர், "ரெண்டு வருசமா டீசல் ஊத்தாம ஜெனரேட்டர் ஓடுதுங்களே, நம்மூர்ல செஞ்சதுங்களா அது?"

"அந்த மொட்டை அண்ணனுக்கு யாராச்சும் சோறு போடுங்க சாமி, பசில சுட்டுட்டே இருக்கறாரு!"

இடைவேளையில் அக்கா எதுவும் சாப்பிடவில்லை. "இனிமேத்தான் வருமாட்ட இருக்குது," என்றாள். நான் பாப்கார்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை. கடைசியில் மொட்டைத் தலை ஆள் ஹெலிகாப்டரில் ஏறிப் போனான். விளக்கைப் போட்டுவிட்டார்கள். திரையில் பெயர்கள் ஓடின. ஜனங்கள் எழுந்து திட்டிக்கொண்டே போனார்கள். பாய் மட்டும் போகாமல் நின்றார். "ஏமாத்திட்டானுங்கம்மா," என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை.

துடைப்பத்தோடு வந்த பெண், "அக்கா, படம் முடிஞ்சு போச்சுங்க," என்றாள்.

"முடியலீங்க," என்றாள் அக்கா. "அந்தப் புள்ள என்னாச்சுன்னு இன்னும் சொல்லலீங்களே."

என் மனைவிதான் நாத்தனாரின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க நங்கையா, ஊட்டுக்குப் போலாம்."

வெளியே மைக்கோடு ஒரு யூடியூப்காரர். படம் முடிந்து வருகிறவர்களை மறித்துக் கருத்துக் கேட்பவர். அக்காவின் முன்னால் மைக்கை நீட்டினார். "படம் எப்படி இருக்கு மேடம்? பத்துக்கு எத்தனை?"

"தம்பி, நீங்க அவியளப் பாப்பீங்களா? படம் எடுத்தவிய?"

"இல்ல மேடம், ஒரு மார்க் சொல்லுங்க..."

"மார்க்கு என்னத்துக்குங்க? ஒரு புள்ளையத் தொட்டி மேல ஏத்தி நிக்க வெச்சாங்களே, அத எறக்கோணும்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல? விளம்பரத்துல மட்டும் காட்டறாங்க. எங்களக் கூட்டறதுக்கு அந்தப் புள்ள வேணும், கூட்டம் சேந்ததுக்கு அப்புறம் வேண்டாம். நல்லா இருக்குதுங்களா இது?"

யூடியூப்காரர் சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்தார். "ஓகே, ஆன்ட்டி செம காண்டுல இருக்காங்க, மக்களே!"

அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது எனக்கு. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அந்த ஆளுக்குக் கேட்டது அவ்வளவுதான். இரவு போட்ட வீடியோவில் அக்காவின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார். பேச்சை வெட்டிவிட்டார்.

காரில் அக்காவைப் பல்லடம் கூட்டிப் போனோம். ஊர் எல்லையில் அந்தத் தொட்டி வந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் திறந்தவள் திரும்பி நின்றாள். "உன்ற மச்சான் சொன்னாரு, எறக்கீருவாங்கன்னு. நீயும் தட்டு வெச்சுச் சொன்ன." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் கடையில் எரிந்து விழுந்தேன். மோட்டார் கொண்டு வந்தவர்களிடம் தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசினேன், பாதிப் பேர் பயந்து போய்விட்டார்கள். இவ்வளவு காலம் கழித்து வெளியே வந்தவளை நானே திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கையெழுத்துப் போடுகிற நேரத்துக்கு ஒரே ஒரு காட்சி காட்டியிருந்தால் போதும். யாரோ ஒருவர் ஏணியைத் தூக்கி நிறுத்தியிருந்தால் போதும். அத்தனை கார்களை உடைக்கக் காசு இருந்தது, ஒரு ஏணிக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடையை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். பஸ் மாறி, தனியாக வந்திருக்கிறாள். கையில் தட்டு. நான் கொண்டு போன அதே தட்டு. வெற்றிலை பாக்கு, பழம்.

"ஏனுங்க அக்கா, என்ன விசேஷமுங்க?"

"சினிமாவுக்குக் கூப்புட வந்தேன். அதே படம்." மூச்சு வாங்கினாள். "அன்னிக்குப் பின்பாதி முழுக்க எனக்குக் கோவம். கண்ணுல ஒண்ணும் நிக்கல. கூட்டத்துல எங்கியாச்சும் ஓரமா அந்தப் புள்ள நின்னிருந்தா? பாக்காம உட்டுட்டனோ என்னமோ. இன்னொருக்காப் பாத்துப்போட்டு அப்புறம் திட்டறேன்."

அந்தக் குப்பையை இன்னொரு முறை பார்ப்பதா! ஆனால் தட்டு வந்துவிட்டதே. என் மனைவி உள்ளிருந்து ஓடி வந்து இரண்டு கையாலும் வாங்கினாள்.

தியேட்டரில் பேனரைக் காணவில்லை. டிக்கெட் கொடுப்பவர் சொன்னார், "அந்தப் படத்தை நேத்தே தூக்கிட்டமுங்க. ஆளே வரலீங்க."

"தூக்கிட்டீங்களா!" அக்காவின் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. "இன்னும் அந்தப் புள்ளைய எறக்கவே இல்லீங்களே! அதுக்குள்ள எப்படீங்க தூக்குவீங்க?"

"எந்தப் புள்ளைங்க?" என்று அவர் பாவமாகக் கேட்டார்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "அதானுங்க, தொட்டி மேல நிக்குமே," என்றார். இன்னொரு அம்மாள், "அதத்தாங்க நானும் கேக்கறேன், என்ன ஆச்சுங்க அது?" என்று முன்னால் வந்தாள். டிக்கெட் கொடுப்பவருக்கு அக்காவும் அந்த அம்மாளும் சேர்ந்து முதல் பாகத்தின் கதையை முழுசாகச் சொன்னார்கள். அவர் கடைசியில், "அடக் கொடுமையே," என்றார். அது ஒன்றுதான் அந்தப் படத்துக்காக எங்களுக்குக் கிடைத்த நியாயம்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த வேறொரு பேனரைப் பார்த்தாள். ஏதோ ஒரு குடும்பப் படம்.

"வந்தது வந்தாச்சு," என்றாள் டிக்கெட் கொடுப்பவரிடம். "இதுல மூணு டிக்கெட் குடுங்க. இவியளாச்சும் யாரையும் பாதியில உட்டுப்போட்டுப் போக மாட்டாங்கல்ல?"

"தெரியலீங்க அக்கா."

"உட்டா உங்களத்தான் வந்து கேப்பேன்," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.