மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்த கோடை

பங்குனி பிறந்ததிலிருந்து விடிந்ததும் என் போனில் பூக்கள் வரத் தொடங்கிவிடும். அருப்புக்கோட்டையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு அது. குண்டுமல்லி, காகிதப்பூ, அடுக்குச் செம்பருத்தி, பத்துமணிப்பூ, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சிவப்புப் பந்து மாதிரி பூக்கிற மே மாதப் பூ. ஒருவர் படம் போட்டால் மற்றவர்கள் கைகூப்புகிற பொம்மை போடுவார்கள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பூத்ததை மட்டும்தான் போட வேண்டும். காலையில் முதன்முதலாகக் காய்ந்த செடியைப் பார்த்தால் அன்றைய பொழுது விளங்காது என்று ஆரம்பத்தில் யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு வாடினதை ஒருவரும் போட்டதில்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு செடி கிடையாது. ஒரே இடத்தில் இருக்கிறவர்கள் செய்கிற காரியம் அது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றதும் போர் போடும் லாரியில் ஏறி வடக்கே போனேன். குழாய் இடுக்கில் சிக்கி இடதுகையில் ஒரு விரல் மடங்காமல் போனதும் இறங்கிவிட்டேன். அப்புறம் கேரளாவில் புரோட்டாக் கடை, திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் வாட்ச்மேன். ஒன்றில் ஆள் குறைத்தார்கள், ஒன்றில் கடையை மூடினார்கள், ஒன்றில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் ஊர்ப்பக்கம் வந்து, பழைய லோடு ஆட்டோ ஒன்றைப் பிடித்து, பாலவனத்தம் போகிற ரோட்டில் லைன் வீடு ஒன்றில் குடியேறினேன்.

திருச்சுழிப் பக்கம் என் மச்சானுக்குக் கொஞ்சம் செம்மண் காடு. இங்கே சுற்றிலும் கரிசல். தொட்டியில் போட்டால் காய்ந்து பாளமாக வெடிக்கும். அதனால் செம்மண்ணுக்குத் தேட்டம் இருந்தது. செம்மண்ணோடு மக்கின எருவும் தேங்காய் நாரும் கலந்து மூட்டை கட்டி, வீடு வீடாக மாடிக்கு ஏற்றினேன். வெயில் ஏற ஏற பச்சை வலைப் பந்தல் போட்டுக் கொடுக்கும் வேலையும் வந்தது. இரும்புக்கடை வீட்டு அக்காதான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டது. அந்தக் குழுவை நடத்துவதும் அவர்தான். கடைத்தெருவில் அவர் வீட்டுக்காரருக்கு ஆணி, கம்பி, பெயின்ட் வியாபாரம். அக்காவுக்கு மாடி நிறைய மல்லிகை. "இந்தத் தம்பி மண்ணு நல்லாருக்கு" என்று அவர் ஒரு தடவை குரல் செய்தி போட்டதிலிருந்து எனக்கு ஓய்வில்லை. ஒரே ஊரில், ஒரே வேலையில், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இவ்வளவு பேரோடு நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

சித்திரை பாதியில் பேங்க் சார் வீட்டுக்கு வலை கட்டப் போனேன். ரிட்டயர்டு ஆனவர். ரோஜாதான் அவருக்கு எல்லாம். அன்று காலையில்கூடக் குழுவில் அவருடைய மஞ்சள் ரோஜா வந்திருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால் மஞ்சள் ரோஜா எதுவும் இல்லை. செடியின் இலைகள் ஓரமெல்லாம் தீயில் காட்டினது போலப் பழுத்துக் கருகியிருந்தன. மொட்டுகள் விரியாமல் தலை தொங்கி நின்றன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். வெயில் ஜாஸ்தி என்றார். ஆமா சார் என்றேன். வலையைக் கட்டிவிட்டு இறங்கினேன்.

அடுத்துப் போன வீட்டிலும் அதே கருகல். அதற்கடுத்த டீச்சர் வீட்டிலும் அதே. காலையில் போனில் வந்த செம்பருத்தி, மாடியில் வெறும் குச்சியாக நின்றது. போன வருஷத்துப் படங்களைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில் மட்டும்தான் இப்படி, மற்ற வீடுகளிலெல்லாம் பூத்துக் கொட்டுகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்து மறைத்திருக்கிறார்கள். எதற்கும் அசராத காகிதப்பூ வைத்திருந்தவர்கள் மட்டும்தான் அன்றன்றைக்கு எடுத்த படத்தைப் போட்டார்கள்.

எல்லா மாடிக்கும் ஏறி இறங்குகிறவன் நான் ஒருத்தன்தான். அதனால் எல்லா வீட்டிலும் கருகுகிறது என்று தெரிந்தவனும் நான் ஒருத்தன்தான். கருகின அத்தனை தொட்டியிலும் இருந்தது என் மண்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மச்சான் காட்டின் கீழக் கடைசியில் ஒரு துண்டு உவர் நிலம். வெயில் காலத்தில் சுண்ணாம்பு தூவினது போல வெளுத்துக் கிடக்கும். சீமைக்கருவேலத்தைத் தவிர அங்கே ஒன்றும் முளைக்காது. தை மாதம் கொடுத்த லோடு எந்த இடத்தில் அள்ளினது என்று நான் கேட்கவில்லை. குவித்து வைத்திருந்ததை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனேன். வெயிலில் ரோடு தண்ணீர் போல மின்னியது. மச்சான் மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துக் கேட்டதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே, ஒனக்கு நான் உவரையா அள்ளிக் குடுப்பேன்? ஒந் தங்கச்சி எனக்குச் சோறு போட வேணாமா?"

"நீங்க நின்னு அள்ளுனீகளா மச்சான்?"

கூளத்தை உதறிப் போட்டார். அந்த வாரம் அவர் காரியாபட்டிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தாராம். கூலிக்கு வந்தவர்தான் அள்ளினாராம். மச்சான் அவரிடம் மேலக் கடைசியில்தான் அள்ளச் சொல்லியிருந்தாராம். காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மேலக் கடைசியில் ஒரு குழி இருந்தது. கீழக் கடைசியிலும் ஒரு குழி இருந்தது.

"அது மாட்டுக் கொட்டத்துக்குத் தரை நெரப்ப அள்ளுனது" என்றார் மச்சான். பிறகு, "அப்படித்தான்னு நெனைக்கேன்" என்றார்.

அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திரும்பி வரும் வழியில் ஊரை விட்டுப் போகும் கணக்குகள் தானாக மனதில் ஓடின. ஆட்டோவை யாரிடம் தள்ளலாம், ஓசூரில் பழைய சூப்பர்வைசர் இன்னும் இருப்பாரா. இதற்கு முன்னால் எத்தனையோ ஊரை விட்டிருக்கிறேன், பையைத் தூக்கினால் முடிந்தது. இந்தத் தடவை போக மனசு வரவில்லை.

மறுநாள் குழுவில் பூக்களுக்கு நடுவே இரும்புக்கடை அக்காவின் கேள்வி ஒன்று வந்தது. இந்த வருஷம் யார் யார் மண் மாற்றினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று. அவ்வளவுதான் கேட்டிருந்தார். கீழே ஒருவர் பின் ஒருவராக என் பெயரைப் போட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஆனால் தங்கள் மாடியைப் பார்த்து அவரவர் என் மண்ணைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அன்றிலிருந்து என் போன் அடிக்கவில்லை. பந்தல் போடச் சொல்லியிருந்த இரண்டு வீட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்புறம் கூப்பிட்டது அக்காதான்.

"தம்பி, மாடிக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். நான் கட்டின பச்சை வலைக்குக் கீழே மல்லிகைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. இந்த நேரத்துக்கு மொட்டு வெள்ளை வெள்ளையாக நிற்க வேண்டும். கருகின இலையும் குச்சியும்தான் நின்றன. பக்கத்தில் வேட்டி விரித்து வடகம் காயப் போட்டிருந்தார். அக்கா ஒரு தொட்டியின் விளிம்பில் விரலால் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வடகத்துக்கு உப்புப் பார்க்கிற பழக்கத்தில் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

"உப்புக் கரிக்குது. உள்ள மண்ணும் கரிக்குது. நீங்க குடுத்தது உவர் மண்ணா தம்பி? ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் சத்தம் போடமாட்டேன்."

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மச்சான் காட்டில் இரண்டு குழி இருப்பதைச் சொன்னேன். எந்தக் குழி மண் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அக்கா விறுவிறுவென்று கீழே போனார். தை மாதம் மிஞ்சிப் போன ஒரு மூட்டை, வாய் கட்டினபடியே மாடிப்படிக்கு அடியில் கிடந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. பழைய லோடுதான், அதே மண். அவர் தூக்க முயன்றார். நான் போய் வாங்கி மேலே கொண்டுவந்து அவிழ்த்தேன்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை சப்புக்கொட்டினார். இன்னொரு சிட்டிகை எடுத்தார். எரு வாடைக்கு முகம் சுளித்தது. எனக்கு அந்தச் சுளிப்புப் போதும், உவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"சப்புன்னுதான இருக்கு. நீங்க பாருங்க."

நானும் தின்று பார்த்தேன். வெறும் மண்தான். வாய் கொப்புளிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அக்கா மாடியில் இருந்த டிரம்மில் சொம்பைவிட்டு மொண்டு, வாயில் ஊற்றி, கரிக்குது என்று அப்படியே துப்பினார்.

அந்த டிரம்மை அங்கே வைத்ததும் நான்தான். பங்குனியில் அக்கா குழுவுக்குச் சொன்ன யோசனை அது. எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. முடிந்தவர்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்து வடிகட்டிக் குடிக்கிறார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால், அதைவிடக் கூடுதலாக ஒரு குழாய் வழியே கழிவாகப் போய்விடும். தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஊர்க்காரர்களுக்கு அது சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அந்தக் குழாயை டிரம்மில் விட்டுச் செடிக்கு ஊற்றலாம் என்று அக்கா சொன்னதும் எல்லாரும் கைகூப்பினார்கள். நாலைந்து வீட்டில் நான் டிரம் வைத்துக் குழாய் நீட்டிக் கொடுத்தேன், மற்றவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு அறிவா இருக்காகளே என்று எனக்குள் மெச்சினேன். நானும் அவர்களோடு ஒருத்தனாகத்தான் அதை நல்ல யோசனை என்று நினைத்தேன்.

அக்கா டிரம்மின் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நாம குடிக்கணும்னு உப்பைப் பூரா எடுத்துட்டு, அதுகளுக்கு ஊத்தியிருக்கோம் தம்பி."

மண் தப்பித்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வைத்துக்கொள்வது பெரிய பாடாக இருந்தது. அக்கா குழாயைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். பிறகு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. வடகத்தைத் திருப்பிப் போடக் குனிந்துகொண்டார். நான் இறங்கிவிட்டேன்.

அடுத்து வந்த நாட்கள்தான் மோசம். மண் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. நானாகப் போய்க் குழுவில் எழுதினால், யோசனை சொன்ன அக்காவைக் காட்டிக் கொடுத்தது போல ஆகும். கடை வீட்டுப் பொம்பளை சொன்னதா, லோடு ஆட்டோக்காரன் சொன்னதா என்று வந்தால் எதை நம்புவார்கள் என்றும் எனக்குத் தெரியும். விடிந்ததும் போனைப் பார்ப்பேன். போன வருஷத்து ரோஜா வரும், போன வருஷத்து மல்லிகை வரும். டிரம்களில் இன்னும் உப்புத் தண்ணீர் நிறைந்துகொண்டுதான் இருக்கும் என்று நினைக்கும்போது அந்தச் செடிகளுக்காகவும் பதறியது. லோடு கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஆட்டோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓசூர் ஆளுக்குப் போன் போட்டேன். வரணும்னா சீக்கிரம் வா என்றார்.

அப்புறம் ஒரு காலையில், மஞ்சள் ரோஜாவுக்கும் மே மாதப் பூவுக்கும் நடுவில், கருகின மல்லிகைத் தொட்டி ஒன்றின் படம் வந்தது. குழுவில் வந்த முதல் காய்ந்த செடி. கீழே அக்காவின் குரல். கடையில் பேசுகிற அதே குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லை.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கிருங்க, இது இன்னைக்கு எடுத்த படம். ஆர்.ஓ. தண்ணிய ஊத்தச் சொன்னது நான்தான், அதுல உப்பு ஏறிப் போச்சு. இனிமே ஊத்தாதீங்க. மண்ணுல ஒரு கொறையும் இல்ல. நான் தின்னு பாத்துட்டேன்."

நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். டீ ஆறிப் போனது. பேங்க் சாருடைய படம் வந்தது. இலை கருகின ரோஜாச் செடி. எழுத்து ஒன்றும் இல்லை. பிறகு டீச்சருடைய செம்பருத்திக் குச்சி. அப்புறம் சரசரவென்று வந்துகொண்டே இருந்தன. அன்றைக்குக் குழு முழுக்கக் காய்ந்த செடிகள். அத்தனை பேரும் இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தவை. "சார், ஒங்க மஞ்ச ரோசாவப் பாத்துத்தான் எனக்குப் பொறாமையில தூக்கம் வரல" என்று டீச்சர் எழுதியிருந்தார். அதற்குப் பேங்க் சார் கைகூப்பினார்.

உப்பைக் கழுவி எடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? வேர் செத்ததை விட்டுவிட்டு, உயிர் இருக்கிறதை மட்டும் புது மண்ணுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அக்கா வீட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு குச்சியாக நகத்தால் கீறிப் பார்த்துச் சொன்னார். பச்சை தெரியாததை நான் பிடுங்கினேன். என்னிடம் அவர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. மண்ணுக்கு ஆர்டர் மட்டும் குழுவில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போட்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கெட்டுப்போன மண்ணை மூட்டை கட்டி இறக்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் அதை எங்கேயாவது கொட்டிவிடுங்கள் என்றார்கள். எங்கேயாவது என்று ஒரு இடம் இல்லை. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, அந்த உப்பைத் திருப்பி எங் காட்டுக்கா கொண்டார? கீழக் கடைசில கொட்டிட்டுப் போ. அங்கன ஏற்கனவே ஒண்ணும் மொளைக்காது" என்றார்.

அங்கேதான் கொட்டினேன். பிறகு மேலக் கடைசிக் குழிக்குப் போனேன். இந்தத் தடவை நானே மம்பட்டியைப் பிடித்தேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மச்சான் வரப்பில் நின்று சிரித்தார். நான் நிறுத்தவில்லை.